தீபத்துக் காப்பியும் கதவு அண்ணாமலையும்

போன வாரம் திவ்யா போன் பண்ணிச்சு. நான் வேலை பாத்த ஆஸ்பத்திரியில, கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இப்ப இருக்கற பொண்ணு. "ஏழுமலை சார், மெயில் எல்லாத்தையும் க்ளவுட்டுக்கு மாத்தியாச்சு. ஸ்டோர் ரூம் பீரோவுல 'தீபம்'னு எழுதி ஒரு கட்டு டிவிடி கெடக்குது. குப்பையில போட்டுடலாமா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "அதுல கை வெச்சீங்கன்னா நடக்கறதே வேற"ன்னு சொல்லி போனை வெச்சுட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும். மறுநாள் நானே கூப்புட்டு மன்னிப்புக் கேட்டேன். "அப்படி அதுல என்னதான் சார் இருக்கு, எழுதிக் குடுங்களேன், புதுசா வந்தவங்களும் படிப்பாங்க"ன்னு சொல்லிச்சு. அதனாலதான் இதை எழுதறேன். நான் எழுத்தாளன் இல்ல, பேசற மாதிரிதான் எழுத வரும்.

என் பேரு ஏழுமலை. திருவண்ணாமலையில பொறந்த ஆம்பளையில பாதி பேருக்கு அண்ணாமலைன்னு பேரு, மீதி பேருக்கு அருணாசலம். எங்கப்பா திருப்பதிக்கு வேண்டிக்கிட்டதால நான் தப்பிச்சேன். பேர்ல என்ன இருக்குன்னு நெனைக்காதீங்க, இந்தக் கதையே பேர்லதான் நிக்குது.

ஊருக்கு வெளிய இருக்கற அந்த ஆஸ்பத்திரியில டைப்பிஸ்டா சேந்தேன். டைப்ரைட்டர் போச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு. "நீ டைப் அடிப்பியே, அதுவும் இதுவும் ஒண்ணுதான்"னு சொல்லி என்னைக் கொண்டுபோய் அந்த செக்‌ஷன்ல உக்கார வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. கத்துக்க சில வருஷம் ஆச்சு, பட்ட அவமானத்தை எல்லாம் எழுதினா உங்களுக்குத் தூக்கம் வந்துடும். விடுங்க.

எங்க செக்‌ஷனுக்குப் பொறுப்பா லீலா மேடம் வந்தாங்க. வேலூர்க்காரங்க. என்னைவிட வயசுல சின்னவங்க. எனக்கு ஏற்கெனவே கோவம் ஜாஸ்தி, அதுல ஒரு சின்னப் பொம்பளை வந்து மேல உக்காந்துட்டாங்களேன்னு உள்ளுக்குள்ள வேற எரிஞ்சுச்சு. வந்த மொத நாள், என் பின்னாடி வந்து நின்னு, "ஏழுமலை, காப்பி எங்கங்க?"ன்னு கேட்டாங்க. வந்ததும் வராததுமா வேலை வாங்கறதைப் பாருன்னு முணுமுணுத்துக்கிட்டே கேன்டீனுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பி வாங்கிட்டு வந்து நீட்டினேன். அந்தம்மா டம்ளரைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. சிரிக்கல. வாங்கிக் குடிச்சு முடிச்சுட்டு, "நல்லா இருந்துச்சு. இப்ப டாக்டருங்க மெயிலுக்கு எடுத்து வெச்ச காப்பி எங்க?"ன்னாங்க. செக்‌ஷனே குனிஞ்சு சிரிச்சுது. அன்னிலேர்ந்து நான் ரிட்டயர் ஆவற வரைக்கும் 'என்ன ஏழுமலை, காப்பி எடுத்தாச்சா'ன்னு ஓட்டாத ஆள் கெடையாது.

மேடம் மவுஸைத் தொட மாட்டாங்க. கையைக் கட்டிக்கிட்டு நம்ம சேருக்குப் பின்னாடி நிப்பாங்க. "கை உங்களது, கண்ணு என்னது"ம்பாங்க. குரலை உசத்திப் பேசி நான் கேட்டதில்ல. தரை துடைக்கற அம்மாவுக்கும் டீனுக்கும் ஒரே 'ங்க'தான். வேலை முடிஞ்சுதுன்னு நாம எழுந்தா ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க: "திரும்ப வந்துச்சா?"

அந்தக் கேள்விதான் எங்களுக்கு எமன். மெயிலையும் கான்டாக்ட்ஸையும் காப்பி எடுக்கறது பெரிய விஷயம் இல்ல. மெயில் சாஃப்ட்வேரை மொத்தமா மூடணும். தெறந்து கெடக்கும்போது எடுத்தா ஃபைல் அரையும் குறையுமா வரும், ஆனா பாத்தா முழுசா இருக்கற மாதிரியே இருக்கும். மூடிட்டு, அந்தப் பெரிய ஃபைலை வேற டிஸ்க்குல காப்பி பண்ணி, இங்க இருக்கற அளவும் அங்க இருக்கற அளவும் ஒண்ணான்னு பாக்கணும். இது வரைக்கும் எல்லாரும் பண்ணுவாங்க. மேடம் அதை பேக்கப்னே ஒத்துக்க மாட்டாங்க. "எடுத்து வெச்சது பேக்கப் இல்லைங்க. திரும்ப வந்தாத்தான் பேக்கப்."

அதனால மாசா மாசம் அமாவாசைக்கு ஒரு வேலை வெப்பாங்க. பௌர்ணமின்னா கிரிவலக் கூட்டம், ஊரு தாங்காது, பாதி ஸ்டாஃப் வந்து சேரவே முடியாது. அமாவாசையில கூட்டம் கம்மி. அன்னிக்கு ஒரு பழைய சிஸ்டத்தை சுத்தமா அழிச்சுட்டு, எடுத்து வெச்ச காப்பியை அதுல திரும்பக் கொண்டு வரணும். மொத மெயிலைத் தெறக்கணும், கடைசி மெயிலைத் தெறக்கணும், நடுவுல ஏதோ ஒண்ணைத் தெறக்கணும். கான்டாக்ட்ஸுல இங்கிலீஷ்ல ஒரு பேரு, தமிழ்ல ஒரு பேரு தேடிப் பாக்கணும். தமிழ்ப் பேரு எல்லாம் கேள்விக்குறியா வந்துச்சுன்னா மொதல்லேர்ந்து மறுபடியும் பண்ணணும். எல்லாம் வந்த பெறகுதான் சாப்பாடு. அமாவாசையும் அதுவுமா செத்துப்போன மெயிலை எல்லாம் கூப்புடறோமேன்னு அதுக்கு நாங்க 'திவசம்'னு பேரு வெச்சிருந்தோம். மேடம் காதுக்கு அது போயிடுச்சு. "திவசமா இருந்தா என்னங்க, வந்தாங்களான்னு பாருங்க"ன்னாங்க.

இன்னொண்ணும் கண்டிப்பா சொல்வாங்க. காப்பியைத் திரும்பக் கொண்டு வரும்போது, ஓடிக்கிட்டு இருக்கறது மேல கொட்டக் கூடாது. பக்கத்துல வெச்சுத் தெறந்து, வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கணும். எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் அவசரத்துல ஒரு டாக்டரோட பழைய மெயிலைப் புதுசு மேலயே கொட்டிட்டாரு. அந்த வாரம் வந்த மெயில் மொத்தமும் காலி. அந்த டாக்டர் போட்ட சத்தம் கோபுரம் வரைக்கும் கேட்டிருக்கும். மேடம் அவரை ஒரு வார்த்தை சொல்லல, அடுத்த அமாவாசைக்கு அவரையே மறுபடியும் அந்த வேலையைச் செய்ய வெச்சாங்க.

மாசக் காப்பியில ஒரு சங்கடம் இருக்கு. டிஸ்க் பத்தாததால புதுசு வந்ததும் பழசை அழிச்சுடுவோம். அதனால வருஷத்துக்கு ஒரு தடவை, கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம், மொத்தத்தையும் டிவிடியில பதிவு பண்ணி, மேல 'தீபம்'னு எழுதி, வருஷத்தைப் போட்டு பீரோவுல வெச்சுடுவாங்க மேடம். அதை அழிக்கக் கூடாது, அது மேல எழுதக் கூடாது. 'எதுக்கு மேடம் இது, இடத்தை அடைச்சுக்கிட்டு'ன்னு நானே கேட்டிருக்கேன். "தப்பையும் சேத்துத்தாங்க நாம காப்பி எடுக்கறோம். தப்பு நடக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எங்கயாவது இருக்கணும்"ன்னாங்க. எனக்கு அன்னிக்கு அது புரியல.

புரிஞ்ச நாள் ஒரு பௌர்ணமி. காலையில நான் வேங்கிக்கால்ல இருக்கற வீட்லேர்ந்து சந்து பொந்தெல்லாம் பூந்து ஆஸ்பத்திரி வந்து சேர்றதுக்குள்ளயே மூச்சு வாங்குச்சு. வந்தா ப்ளட் பேங்க் சுமதி அழுதுக்கிட்டு எங்க ரூம் வாசல்ல நிக்குது. ரத்தம் குடுக்கறவங்களோட போன் நம்பர், மெயில் எல்லாத்தையும் பாத்துக்கறது அந்தப் பொண்ணுதான்.

விஷயம் இதுதான். கிரிவலப் பாதையில இருக்கற அடி அண்ணாமலை ஊர்லேர்ந்து கலைச்செல்வின்னு ஒரு பொண்ணைப் பிரசவத்துக்குக் கொண்டு வந்திருக்காங்க. நஞ்சுக்கொடி கீழ எறங்கி கர்ப்பப்பை வாயை அடைச்சுக்கிட்டு இருக்கு. ரத்தப்போக்கு ஆரம்பிச்சுடுச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் கொழந்தையை எடுக்கணும். ஓ பாசிட்டிவ்னு நெனச்சு ரத்தத்தைச் சேத்துப் பாத்தா எதுவுமே சேரல. மறுபடியும் டெஸ்ட் பண்ணினா பாம்பே ரத்தம். ஆயிரம் ஆயிரம் பேர்ல தேடினாலும் ஒருத்தர் கெடைக்கறது கஷ்டம். அவங்களுக்கு அதே ரத்தம்தான் ஏத்தணும், வேற எதை ஏத்தினாலும் உசுருக்கு ஆபத்து. சென்னையில ஒரு பாட்டில் இருக்குன்னு தகவல் வந்துச்சு, ஆனா பௌர்ணமி அன்னிக்கு எந்த வண்டி எப்ப ஊருக்குள்ள வரும்னு யாரால சொல்ல முடியும். டாக்டரம்மா ஒரே முடிவா சொல்லிட்டாங்க: "கையில ரத்தம் இல்லாம நான் கத்தி வெக்க மாட்டேன். ஆனா சாயங்காலத்துக்கு மேல காத்துக்கிட்டும் இருக்க முடியாது."

"நம்மகிட்டயே ஒருத்தர் இருக்காரு சார். நான்தான் அவரைக் கான்டாக்ட்ஸுல ஏத்தினேன். பாம்பே ரத்தம்"னு சுமதி சொல்லிச்சு.

"பேரு?"

"அண்ணாமலை."

அதோட விட்டா பரவாயில்ல. ஆறேழு மாசத்துக்கு முன்னாடி மெயில்பாக்ஸ் நெறைஞ்சு போச்சுன்னு சுமதிக்கு மெசேஜ் வந்திருக்கு. பழைய மெயில் எல்லாத்தையும் அழிச்சிருக்கு. அப்ப சாஃப்ட்வேர் கேட்டிருக்கு, 'ஒரே பேரு பல தடவை இருக்கு, ஒண்ணாக்கட்டுமா'ன்னு. சுத்தமா இருக்கட்டுமேன்னு அமுக்கிடுச்சு. அந்தப் பட்டன் செஞ்சவன் எந்த ஊருக்காரனோ, திருவண்ணாமலைக்கு வந்ததில்லன்னு மட்டும் தெரியுது. ஊர்ல இருந்த அத்தனை அண்ணாமலையும் ஒரே ஆளா ஆயிட்டாங்க. ஒரு கான்டாக்ட் கார்டுல எத்தனை போன் நம்பர் வெக்க எடமோ அத்தனையை மட்டும் வெச்சுக்கிட்டு, மீதியைத் தூக்கிப் போட்டுடுச்சு. குறிப்பு எழுதற எடத்துலயும் ஒருத்தரோடது மட்டும்தான் மிச்சம்.

சாதாரணமா நாம அண்ணாமலையை எல்லாம் எப்படிப் பிரிப்போம்? ஆட்டோ அண்ணாமலை, பூக்கடை அண்ணாமலை, குண்டு அண்ணாமலைன்னு பட்டப்பேரு வெச்சுத்தான். சுமதி மரியாதை தெரிஞ்ச பொண்ணு. ரத்தம் குடுக்கறவங்க பேருக்கு முன்னாடி பட்டப்பேரு போடறதான்னு கூச்சப்பட்டு, பேரை மட்டும் சுத்தமா போட்டு, பட்டப்பேரைக் குறிப்புல எழுதி வெச்சிருக்கு. அந்த மரியாதைதான் எங்களைக் கவுத்துடுச்சு.

நான் கத்த ஆரம்பிச்சேன். "ஒரு வார்த்தை எங்களைக் கேக்கக் கூடாதா, உன்னை எல்லாம்..."னு ஆரம்பிக்கும்போதே மேடம் உள்ள வந்துட்டாங்க. "ஏழுமலை, அப்புறமா கத்துங்க. இப்ப காப்பி எங்க?"ன்னாங்க. சுமதி பக்கம் திரும்பி, "கண்ணைத் தொடச்சுக்கிட்டு, கார்டுல மிச்சம் இருக்கற நம்பருக்கெல்லாம் போன் போடுங்க"ன்னாங்க. அவ்ளோதான். நான் சேர்ல போய் உக்காந்தேன்.

மாசக் காப்பியைப் பாத்தோம். அதுலயும் ஒரே அண்ணாமலைதான். தப்பு நடந்த பெறகு எடுத்தது, தப்பை அப்படியே பத்திரமா வெச்சிருந்துச்சு. மேடம் அப்பத்தான் பீரோ சாவியை எடுத்தாங்க.

டிவிடி போடறதுக்கு இப்ப வர்ற சிஸ்டத்துல எடமே இல்ல. அதுக்காகவே ஒரு பழைய பெட்டியை துணி போத்தி வெச்சிருந்தாங்க. ஆயுத பூஜைக்கு வெச்ச பொட்டுகூட அழியாம இருந்துச்சு. போன வருஷ தீபத்தைப் போட்டேன். பாதி காப்பி ஆச்சு, நின்னுடுச்சு. படிக்க முடியலன்னு மெசேஜ். வெளிய எடுத்து, மெத்துன்னு இருக்கற துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா தொடச்சேன். வட்டமா தொடைச்சா கீறல் ஜாஸ்தி ஆயிடும். மறுபடியும் போட்டேன். அதே எடத்துல நின்னுச்சு. பின்னாடி நின்ன மேடம், "அதுக்கு முந்தின தீபத்தைப் போடுங்க"ன்னாங்க. குரல்ல ஒரு மாத்தமும் இல்ல. திரும்பிப் பாத்தா கட்டின கை ரெண்டும் பொடவையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அது ஓடிச்சு. நான் எத்தனையோ டிஸ்க் பாத்திருக்கேன், ஒரு டிஸ்க் சுத்தற சத்தத்தை அவ்ளோ கவனமா கேட்டது அன்னிக்குத்தான். ஃபைல் முழுசா எறங்குச்சு. அளவு சரி பாத்தேன். மேல கொட்டல, பக்கத்துல தெறந்தேன். கான்டாக்ட்ஸுல போய் அண்ணாமலைன்னு தேடினேன்.

என்னத்தைச் சொல்ல. ஒரே ஆளா இருந்தவங்க ஒவ்வொருத்தரா பிரிஞ்சு வந்து நின்னாங்க. ஒவ்வொரு அண்ணாமலைக்கும் அவங்கவங்க நம்பர், அவங்கவங்க ரத்தம், அவங்கவங்க குறிப்பு. 'பஸ் ஸ்டாண்டு ஆட்டோ.' 'பூக்கடை, காலையில கூப்பிடக் கூடாது.' 'வாத்தியார்.' 'ஊசின்னா பயம், பேச்சுக் குடுக்கணும்.' எல்லாம் சுமதி எழுதினது. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, பொய் சொல்லல. இத்தனை வருஷமா நான் ஃபைலுன்னு சொல்லித் தூக்கிட்டுத் திரிஞ்சது ஃபைல் இல்ல, இவ்ளோ மனுசங்கன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

அதுல ஒருத்தருக்குக் குறிப்பு இப்படி இருந்துச்சு: 'பாம்பே. போளூர். கதவு. மெயில் பார்க்கவும்.'

நம்பருக்குப் போட்டோம். ரிங் போவுது, போவுது, யாரும் எடுக்கல. மறுபடியும் போட்டோம். எடுக்கல. "மெயில் பாக்கச் சொல்லியிருக்கு இல்ல, பாருங்க"ன்னாங்க மேடம். சுமதி பழைய மெயிலை எல்லாம் அழிச்சிருந்தாலும் அந்த டிவிடியில இருந்துச்சு. தேடி எடுத்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிருந்தாங்க. நான் மேடத்துக்குச் சத்தமா படிச்சேன்.

"ஐயா வணக்கம். என் பொண்ணு மூலமா இதை அனுப்பறேன். எனக்கு பாம்பே ரத்தம்னு சொன்னாங்க. ரொம்பக் கம்மி பேருக்குத்தான் இருக்குமாம். யாருக்காவது வேணும்னா எப்ப வேணும்னாலும் கூப்புடுங்க, வந்துடறேன். பௌர்ணமி அன்னிக்கு மட்டும் போனை வீட்டுல வெச்சுட்டு கிரிவலம் வந்துடுவேன், போன் எடுக்க மாட்டேன். அன்னிக்கு அவசரம்னா மைக்குல கூப்புடுங்க. அண்ணாமலைன்னு மட்டும் கூப்புட்டா ஊரே திரும்பும். நான் கதவு செய்யறவன். போளூர் கதவு அண்ணாமலைன்னு சொன்னாத்தான் நான்னு தெரியும்."

மேடம் அப்படியே பக்கத்துல இருந்த சேர்ல உக்காந்துட்டாங்க. அவங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல.

போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கு விஷயம் போச்சு. கிரிவலப் பாதை முழுக்க மைக் உண்டு, கொழந்தை காணோம், பாட்டி காணோம்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அந்த வரிசையில, 'போளூர் கதவு அண்ணாமலை எங்கிருந்தாலும் பக்கத்துல இருக்கற போலீஸ்கிட்ட வரவும், ரத்தம் தேவைப்படுது'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாங்க. மலையைச் சுத்தி லட்சம் ஜனம் நடக்குது. அதுல ஒரு மனுசன். அவர் இந்தப் பௌர்ணமிக்கு வந்தாரா, வரலையா, உசுரோட இருக்காரான்னே எங்களுக்குத் தெரியாது.

ரூம்ல உக்கார முடியாம ப்ளட் பேங்க் பக்கம் போனேன். வராண்டாவுல பெஞ்சு பூரா ஆளுங்க, சுவரோரமாவும் நிக்கறாங்க. என்ன இன்னிக்கு இவ்ளோ கூட்டம்னு பாத்துக்கிட்டே நின்னேன். உள்ளேர்ந்து ஒரு நர்ஸம்மா கையில சீட்டோட வந்து, "அண்ணாமலை யாருங்க?"ன்னு கூப்புட்டாங்க.

வராண்டாவே எழுந்து நின்னுச்சு.

நர்ஸம்மா முழிக்கறாங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு, அப்படியே கண்ணுல தண்ணியும் வந்துடுச்சு. சுமதி போன் பண்ணும்போது 'உங்க ரத்தம் வேற, நீங்க வர வேணாம்'னுதான் சொல்லியிருக்கு. யார் கேட்டாங்க? ஒரு உசுருக்குன்னு கூப்புட்டுட்டாங்கன்னு கெளம்பி வந்துட்டாங்க. காக்கிச் சட்டைக்காரர் ஆட்டோ, கையில நார் ஒட்டிக்கிட்டு இருக்கறவர் பூக்கடைன்னு என்னால அடையாளம் சொல்ல முடிஞ்சுது. இப்பத்தான் ஸ்க்ரீன்ல பாத்தவங்க, அதே ஆளுங்க நேர்ல நிக்கறாங்க. ஊசிக்குப் பயந்தவர்கூட வந்திருந்தாரு, ஓரமா நின்னு நகம் கடிச்சுக்கிட்டு இருந்தாரு.

கூட்டத்துல ஒரு சின்ன வயசுக்காரர் மட்டும் நர்ஸம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு கெஞ்சறாரு. "என் பேரும் அண்ணாமலைதாங்க. என் ரத்தத்தை எடுத்துக்குங்க, மொத்தமா வேணாலும் எடுத்துக்குங்க." கலைச்செல்வியோட வீட்டுக்காரர். 'உன் ரத்தம் சேராதுப்பா'ன்னு அவருக்கு எத்தனை தடவை சொல்லியும் ஏறல. ஆட்டோ அண்ணாமலைதான் அவரைத் தோளோட அணைச்சு உக்கார வெச்சு, "நம்ம பேருக்காரன் ஒருத்தன் வந்துக்கிட்டு இருக்கான் தம்பி, கம்முனு இரு"ன்னாரு. வர்றாரான்னு யாருக்குமே தெரியாது, ஆனா அவர் சொன்னதும் எனக்கே கொஞ்சம் தெம்பா இருந்துச்சு.

மத்தியானம் தாண்டிடுச்சு. டாக்டரம்மா ரெண்டு தடவை வெளிய வந்து பாத்துட்டு உள்ள போனாங்க. ரத்தப்போக்கு ஜாஸ்தி ஆவுதுன்னு நர்ஸுங்க பேசிக்கிட்டாங்க. நான் மேடம்கிட்ட போய், "வேற ஏதாவது பண்ணலாமா மேடம்?"னு கேட்டேன். "நம்ம வேலை முடிஞ்சுதுங்க ஏழுமலை. இனிமே அவரு வரணும்"னாங்க.

வந்தாரு. போலீஸ் பைக் பின்னாடி உக்காந்து, மேல துண்டு மட்டும் போத்தி, வெறுங்காலோட, நெத்தி பூரா விபூதியோட ஒரு ஒல்லி மனுசன். எறங்கினதும் அங்க இருந்த கூட்டத்தைப் பாத்துக் கும்புட்டு, "கதவு அண்ணாமலைங்க. கூப்புட்டீங்களாமே"ன்னாரு.

எல்லா அண்ணாமலையும் வழி விட்டு நின்னாங்க. வீட்டுக்காரப் பையன் அவர் கால்ல விழப் போனான், அவர் எட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டாரு. வெறும் வயித்துல நடந்து வந்திருந்தாரு, அதனால மொதல்ல இட்லியும் மோரும் குடுத்து உக்கார வெச்சோம். அப்புறம் எடுத்தாங்க. டெஸ்ட் முடிஞ்சு, சேத்துப் பாத்தாங்க. சேந்துச்சு. டாக்டரம்மா அதுக்கப்புறம்தான் கத்தியைத் தொட்டாங்க. பொண்ணு பொறந்துச்சு. ரெண்டு உசுரும் நின்னுச்சு. சென்னை பாட்டில் அதுக்கப்புறம்தான் வந்து சேந்துச்சு, அதுவும் தேவைப்பட்டுச்சு.

இருட்டறதுக்கு முன்னாடி கதவு அண்ணாமலை எங்கிட்ட வந்து, "சார், என்னைத் திரும்ப அதே எடத்துல விட்டுடறீங்களா?"ன்னு கேட்டாரு. எந்த எடம்னேன். "அடி அண்ணாமலையில ஒரு எளநிக் கடை முன்னாடிதான் மைக்குல என் பேரு கேட்டுச்சு. அங்கதான் என் கிரிவலம் நின்னுச்சு. விட்ட எடத்துலேர்ந்துதானே நடக்கணும்." ரத்தம் குடுத்துட்டு நடக்கக் கூடாதுன்னு நான் சண்டையே போட்டேன். சிரிச்சுக்கிட்டே, "உக்காந்து உக்காந்து போறேன் சார்"னாரு. இந்த ஆளைத் தனியா விட முடியுமா. ஊருக்குப் பின்பக்கமா என் வண்டியில கூட்டிட்டுப் போய், அந்தக் கடையிலேயே ரெண்டு பேருக்கும் எளநி வாங்கிக் குடுத்து, நானும் செருப்பைக் கழட்டி வண்டியில வெச்சுட்டுக் கூடவே நடந்தேன்.

நெலா கெளம்பிடுச்சு. கொஞ்ச தூரம் நடந்த பெறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டாரு. "சார், நான் ஒரே ஒரு மெயில்தானே போட்டேன். அதை வெச்சா கண்டுபிடிச்சீங்க?"

"ஆமாங்க."

"பதில் வரவே இல்லைங்களே. தெனம் என் பொண்ணைக் கேப்பேன், வந்துச்சா வந்துச்சான்னு. அது சலிச்சுக்கும். அப்புறம் கேக்கறதையே விட்டுட்டேன். யாரும் படிக்கலன்னு நெனச்சேன் சார்."

சுமதி கார்டுல ஏத்தியிருக்கு, ஏத்தின வேகத்துல பதில் போட மறந்துடுச்சு. அதைச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. மலையைப் பாத்துக்கிட்டே நடந்தேன். இத்தனை வருஷமா மலையைப் பாக்கறேன், அன்னிக்குத்தான் அது நம்மளையும் பாத்துக்கிட்டு இருக்கும்போலன்னு தோணுச்சு.

மறுநாள் காலையில மொத வேலையா அந்தப் பழைய பெட்டியிலேர்ந்து அவர் மெயிலை சுமதியோட மெயில்பாக்ஸுல திரும்பக் கொண்டு வந்தேன். சுமதி பக்கத்துல உக்காந்துச்சு. மேடம் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. "திரும்ப வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. வந்துச்சு மேடம்னேன். பதில் போடற பட்டனை அமுக்கினோம். சுமதிக்கு என்ன எழுதறதுன்னே தெரியல, அழுதுக்கிட்டே இருந்துச்சு. கடைசியில, "ஐயா, உங்க மெயில் கெடச்சுது. தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்க"ன்னு மட்டும் எழுதி அனுப்பிச்சு.

அன்னிக்கே அவர் பொண்ணுகிட்டேர்ந்து பதில் வந்துச்சு. "சார், அப்பா இதை எத்தனையோ தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. எங்க அழிஞ்சுடப் போவுதோன்னு பயப்படறாரு. இதே மெயிலை இன்னொரு தடவை அனுப்ப முடியுமா? பத்திரமா ரெண்டா இருக்கட்டும்னு சொல்றாரு."

மேடம் அதைப் படிச்சுட்டு, நான் பாத்து மொத தடவையா வாய்விட்டுச் சிரிச்சாங்க. நாங்க இன்னொரு தடவை அனுப்பினோம். மூணாவதா ஒண்ணு, அந்த வருஷம் தீபத்துக் காப்பியில இருக்கு. திவ்யா, பீரோவைப் பூட்டிச் சாவியைப் பத்திரமா வெச்சுக்கோம்மா.